அப்பாவை மாதக் கணக்கில் பங்கிடலாமா?

கேரளத்துப் புனலூரில் தையல் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 78 வயது. செங்கோட்டை – புனலூர் ரயில் பாதையில் கீமேனாக (தண்டவாளத்தைச் சரிபார்க்கும் ஊழியராக) இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே அப்பாவிடம் ஏதோ சரியில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பென்ஷன் பாஸ்புக் அரிசி டின்னுக்குள் கிடந்தது. குளித்துவிட்டு வந்தவர் மறுபடியும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தென்காசியில் ஒரு டாக்டர் பார்த்து, மறதி நோய் என்றார்.

செங்கோட்டையில் அப்பாவின் சொந்த வீட்டில் அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள். தம்பி சார்ஜாவில். மூன்று பேரும் பேசி, இரண்டு மாதம் அண்ணன் வீடு, இரண்டு மாதம் இவர் வீடு, தம்பி பணம் அனுப்புவது என்று ஏற்பாடு செய்தார்கள். புனலூர் வந்த இடத்தில் இன்னொரு டாக்டரிடமும் காட்டினார்கள். ஆக, கையில் இரண்டு மருந்துச் சீட்டு. போன மாதம் செங்கோட்டையில் அப்பா வாந்தி எடுத்து, கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். மதினி இரண்டு சீட்டு மாத்திரைகளையும் சேர்த்தே கொடுத்துவந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு குறைந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. எந்த டாக்டரைக் கேட்பது? அப்பா ராத்திரி மூன்று மணிக்கு 'டூட்டிக்கு நேரமாச்சு' என்று கிளம்புகிறார், கதவைப் பூட்டலாமா, தூக்க மாத்திரை கொடுக்கலாமா? வீட்டை இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும், குறைந்தது 'பவர்' ஆவது வாங்க வேண்டும் என்று அண்ணன் சொல்வது சரியா? முதியோர் இல்லத்தில் சேர்த்தால் பாவமா? கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஐந்தாவதாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

சீட்டுகளின் படத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

இரண்டு சீட்டு, ஒரு உடம்பு

தென்காசி சீட்டில் இருக்கும் மாத்திரைக்கும் புனலூர் சீட்டில் இருக்கும் மாத்திரைக்கும் கம்பெனிப் பெயர் வேறு. அட்டையைத் திருப்பி, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் டோனெபெசில் என்றுதான் இருக்கும். ஒன்று 5 மில்லிகிராம், மற்றது 10. நம் ஊரில் இந்த மருந்தை 5இல் தொடங்கி, ஒரு மாதம் ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டால் 10க்கு ஏற்றுவோம். வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவோம். உங்கள் அப்பாவுக்குத் தினமும் 15 போயிருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைவது, அதனால் தலைசுற்றி விழுவது எல்லாம் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். போதாததற்கு, ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மெட்டோப்ரொலாலும் துடிப்பைக் குறைக்கிற மருந்து.

எனவே இரட்டை மருந்து இன்றிரவோடு நிற்க வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதைக் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இன்றே போனில் கேட்டு, ஒன்றை மட்டும் கொடுங்கள். நாளைக்கே நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். கீழே விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டிருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ சி.டி. ஸ்கேன் அவசியம். வயதானவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, விழுந்து சில வாரங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். 'மறதி கூடிவிட்டது' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. புனலூர் சீட்டில், அடிக்கடி சிறுநீர் போவதற்கென்று ஒரு மாத்திரை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. டோனெபெசிலே சிலருக்கு அந்த அவசரத்தைக் கூட்டும். கூடிய அவசரத்துக்கு எழுதிய இந்த மாத்திரையோ, டோனெபெசில் மூளையில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதையே தடுக்கிற வகை. ஒருவர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, இன்னொருவர் அடியில் குழாயைத் திறந்துவிடுகிற கதைதான். அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. முதல் சீட்டை அவர் பார்த்திருக்கவே மாட்டார். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகளில் பலவும் மறதியைக் கூட்டுகிறவை. நீங்கள் கொடுக்கும் அரிஷ்டத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆயுர்வேதம்தானே என்று யாரும் சொல்வதில்லை. அரிஷ்டங்களில் புளிப்பேறும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் உண்டு.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நினைவுப் பரிசோதனையில் தென்காசியில் 30க்கு 14 வந்த மதிப்பெண் புனலூரில் 17 வந்தது, குணமாகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் தமிழில் கேட்டார்கள், இன்னொரு இடத்தில் மலையாளத்தில் கேட்டார்கள். ஒன்று காலையில், ஒன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு மூன்று மதிப்பெண் இப்படித்தான் ஆடும். அது குணமுமில்லை, மோசமுமில்லை. பி12, தைராய்டு, சோடியம் மூன்றும் பார்த்தார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். சீட்டில் காணோம். கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே

பிள்ளைகள் சண்டை போடாமல் முறை வைத்துக்கொள்வதை ஊர் பாராட்டும். எனக்கும் உங்கள் மூன்று பேர் மேலும் மரியாதைதான். ஆனாலும் இந்த ஏற்பாடு அப்பாவுக்கு ஆகவில்லை. ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீடு மாறிய முதல் வாரம் தூக்கமில்லை என்கிறீர்கள். ஓணத்துக்கு முன் புனலூர் வந்ததும் நாலு நாள் பிதற்றினார், சுவரில் ஆள் நிற்பதாகச் சொன்னார் என்கிறீர்கள். திரும்பிப் போனதும் அடுக்களை மூலையில் சிறுநீர் கழித்தார் என்கிறீர்கள்.

மறதி நோயில் புதிதாக ஒன்றை மனதில் பதிக்கும் இடம்தான் முதலில் போகிறது. செங்கோட்டை வீட்டில் ராத்திரி எழுந்தால் இடதுபக்கம் ஏழு எட்டு வைத்தால் கக்கூஸ் என்பது அவர் காலுக்குத் தெரியும், யோசிக்க வேண்டாம். புனலூர் வீட்டை இரண்டு மாதத்தில் அவர் பாதி படிப்பதற்குள் பெட்டியைக் கட்டிவிடுகிறோம். நமக்கு அது ஏற்கெனவே பழகிய வீடு. அவருக்கு ஒவ்வொரு தடவையும் ஊர் பேர் தெரியாத வேற்றிடம்.

அந்த நாலு நாள் பிதற்றலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் இறங்கும். இரண்டு நாளில் தடாலென்று விழாது. அப்படி விழுந்தால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நெஞ்சுச் சளி, சோடியம் குறைவு, புதிய மாத்திரை என்று வரிசையாகத் தேட வேண்டும். 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால், குணப்படுத்தக்கூடிய ஒன்றை விட்டுவிடுவோம்.

என் யோசனை இதுதான். அப்பா செங்கோட்டையிலேயே இருக்கட்டும். நீங்கள் மாறிப்போங்கள். மாதங்களைப் பங்கிடாமல் வேலையைப் பங்கிடுங்கள். புனலூரிலிருந்து ரயிலோ பஸ்ஸோ, ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வெள்ளி சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினால் ஞாயிறு ராத்திரி வரை அப்பாவோடு நீங்கள். அந்த இரண்டு நாளும் மதினிக்கு விடுமுறை. விடுமுறை என்றால், அவர் அடுக்களையில் நிற்க நீங்கள் அப்பாவுக்கு ஊட்டுவது என்று அர்த்தமில்லை. அவர் தன் பிறந்த வீட்டுக்குப் போகலாம், குற்றாலத்தில் குளிக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

மதினியைப் பற்றி ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே. நாலு பக்கக் கடிதத்தில் அவர் இரண்டே இடத்தில் வருகிறார். ஒன்று, மாத்திரையைத் தவறாகக் கொடுத்தவராக. இன்னொன்று, 'முகம் கொடுத்துப் பேசுவதில்லை' என்று. புனலூர் மாத்திரைப் பையை அங்கே எடுத்துக்கொண்டு வந்தது நீங்கள். அதில் இருந்த சீட்டில் 'இரவு ஒன்று' என்று எழுதியிருந்தது. அவரிடம் ஏற்கெனவே இருந்த சீட்டிலும் 'இரவு ஒன்று'. இரண்டு டாக்டர் சொன்னதையும் தட்டாமல் செய்திருக்கிறார். எதையாவது கொடுக்காமல் விட்டிருந்தாலும் அவர்மேல்தான் பழி வந்திருக்கும். மாமனாரின் வேட்டியை ராத்திரி இரண்டு தடவை மாற்றுகிற பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், முதலில் அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று நான் கேட்பேன்.

தவறு ஆள்மேல் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்தது அப்பா மட்டும்தான், அவரைப் பற்றிய தகவல் போகவில்லை. ஒரு நீள நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மாத்திரைகள், கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில், அளவோடு, யார் எப்போது எழுதினார்கள் என்பதோடு. அடுத்த பக்கத்தில் அவருக்கு ஒத்துக்கொள்ளாதவை. பிறகு நாள்வாரியாக: தூக்கம், மலம், விழுந்தது, புதிதாக எதுவும். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். டாக்டரிடம் போகும்போது ஆள் மாறினாலும் நோட்டு மாறக் கூடாது. முதன்மை டாக்டர் ஒருவர்தான், அது செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பவர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற பெரிய இடத்தில் ஒரு தடவை காட்ட விரும்பினால் காட்டுங்கள். அங்கே எழுதியதை இவரிடம் கொண்டுவந்து கொடுங்கள், இவர் வழியாக மட்டும் மருந்து மாறட்டும்.

சார்ஜா தம்பிக்கும் பணத்தைத் தவிர வேலை உண்டு. நோட்டின் படத்தை வாரம் ஒருமுறை வாங்கி, அவர் ஒரு கோப்பாக வைத்திருக்கட்டும். டாக்டர் தேதி நினைவூட்டுவது, மாத்திரை தீருமுன் சொல்வது, நவம்பரில் பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று கொடுத்தாயிற்றா என்று பார்ப்பது, இதெல்லாம் போனிலேயே ஆகிற காரியம். அந்தச் சான்றை இப்போது போன் கேமராவில் முகம் காட்டியே கொடுக்கலாம், அப்பாவை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

எல்லை ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்தந்த மாநிலத்தின் வீட்டுச் சேவை அந்தந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செங்கோட்டை வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மருந்து தருவார்கள், பிசியோதெரபியும் வலி நிவாரணச் சேவையும் உண்டு. கேரளப் பக்கம் பஞ்சாயத்து வழியாகப் பாலியேட்டிவ் (வலி தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கு வருகிற ஏற்பாடு 2008 கொள்கையிலிருந்தே வேரூன்றியது, மிக நல்லது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவரை இரண்டு பக்கமும் 'அங்கே இருப்பவர்' என்றே நினைக்கும். ஒரு வீட்டில் இருத்தினால் ஒரு பக்கத்துச் சேவையாவது முழுதாகக் கிடைக்கும். எல்லை பார்க்காத ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். அப்பா ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், அந்த அட்டை நாட்டின் எந்த ரயில்வே மருத்துவமனையிலும் செல்லும். மதுரைக்குப் போக வேண்டியிருந்தாலும், பெரிய பரிசோதனைகளுக்கு அதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

மூன்று மணி டூட்டி

'பைத்தியம் பிடித்தவர் மாதிரி சுத்தியல் கேட்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீமேனின் வேலை, தன் பங்குப் பாதை முழுவதையும் தினமும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீ தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவது. முப்பது வருஷத்துக்கு மேல் விடியுமுன் எழுந்து அதைச் செய்தவர். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது போய்விட்டது, உடம்பில் ஊறிய அந்த டூட்டி போகவில்லை. பொறுப்பான மனிதர், வேலைக்குப் போகிறார். நாம் கதவை மறித்தால் அவர் கண்ணுக்கு நாம்தான் பைத்தியம்.

ஆனால் ஆபத்து நிஜம். அவர் மனதில் இருப்பது பழைய மீட்டர் கேஜ். அதன் வண்டிகள் எந்த நேரம் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாதையை 2010இல் மூடி, 2018இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். இப்போது ஓடும் வண்டிகளின் நேரம் அவருக்குத் தெரியாது.

வெளியே தாழ்ப்பாள் போட்டு, உள்ளே அவரைத் தனியாக விட்டுப் போவது கூடாது. தீ, விழுதல், பயம் எதற்கும் வழியில்லாமல் போகும். வீட்டில் ஆள் இருக்கும்போது, வாசல் கதவின் உச்சியிலோ அடியிலோ, அவர் பார்க்கப் பழகாத இடத்தில் ஒரு கொக்கி போடுவது வேறு விஷயம், அது செய்யலாம். திறந்தால் ஒலிக்கும் சின்ன மணி நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருப்பு, டார்ச், குடை மூன்றும் வாசல் பக்கம் இருந்தால் 'கிளம்பு' என்று அவையே சொல்லும், உள்ளே வையுங்கள்.

இதெல்லாம் தடுப்பு மட்டும்தான். மருந்தாக நான் சொல்வது: அவருக்கு டூட்டி கொடுங்கள். காலை ஐந்தரைக்கு அண்ணன் கூட நடக்கட்டும், தண்டவாளப் பக்கம் இல்லாமல் தெருவில், அவர் கையில் ஒரு டார்ச்சோடு. திரும்பி வந்ததும் 'லைன் எல்லாம் சரியா இருக்காப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பகல் தூக்கத்தை அரை மணிக்குள் வையுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல் காப்பி வேண்டாம், இருட்டுமுன்பே விளக்கைப் போடுங்கள். மூன்று மணிக்கு எழுந்தால் வாதாடாதீர்கள், 'நீங்க ரிட்டையர் ஆயாச்சு' என்று சொல்லாதீர்கள். 'இன்னைக்கு லீவு போட்டிருக்கீங்க, காப்பி குடிச்சிட்டுப் படுங்க' என்றால் பாதி நாளாவது படுத்துவிடுவார். மீதி நாள்கள் படுக்க மாட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள்மேல் தவறென்று நினைப்பீர்கள்.

மருந்துக் கடையில் வாங்கிய அந்தத் தூக்க மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். அந்த வகை மாத்திரை கொடுத்தால் தூங்குவதைவிடத் தள்ளாடி விழுவது அதிகம், மறுநாள் குழப்பமும் கூடும். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளைச் சிலருக்கு, தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாகும்போது, மிகக் குறைந்த அளவில், சில வாரங்களுக்கு நாங்களே எழுதுவோம். மறதி நோயாளிகளில் அவை பக்கவாதத்துக்கும் மரணத்துக்குமான வாய்ப்பைக் கூட்டும் என்பதால் வேறு வழி இல்லாதபோதுதான். யாரோ ஒருவர் எழுதியதை ஒரு வருஷம் தொடர்ந்து வாங்கிக் கொடுக்கிற மருந்து இல்லை அது.

எப்படிக் காத்தாலும் ஒருநாள் அவர் வெளியே போய்விடலாம் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். உங்கள் ஊரில் எந்த பஸ்ஸில் ஏறினார் என்பதைப் பொறுத்து, இரண்டு மணி நேரத்தில் அவர் கொல்லம் பக்கமும் இருக்கலாம், திருநெல்வேலி பக்கமும் இருக்கலாம். எல்லாச் சட்டைப் பையிலும் ஒரு துணிச் சீட்டு தைத்துவிடுங்கள். நீங்கள் தையல்காரர், உங்களுக்கு ஒரு சாயங்கால வேலை. அதில் தமிழிலும் மலையாளத்திலும் 'எனக்கு மறதி உண்டு, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று இரண்டு போன் எண். அந்தப் பக்கத்தில் மறவிரோகம் என்று எழுதினால்தான் புரியும். சமீபத்திய படம் ஒன்று எல்லோர் போனிலும் இருக்கட்டும். பக்கத்து ரயில்வே கேட்டிலும் ஸ்டேஷனிலும் சொல்லிவையுங்கள். பழைய சக ஊழியர்களின் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள், அன்போடு பார்த்துக்கொள்வார்கள். காணவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உடனே 112. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

அப்பா திடீரென்று மதினியிடம் மலையாளத்தில் பேசுகிறார், வேண்டுமென்றே செய்கிறார் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் கேரளப் பக்கத்து ஆரியங்காவில் பள்ளிக்கூடம் படித்தவர் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் சொல்கிறீர்கள். நினைவு பின்பக்கமாகச் சுருங்கும்போது சின்ன வயதுப் பேச்சு மேலே வருவது வழக்கம். மதினிக்கு வெள்ளம் (தண்ணீர்), ஊணு (சாப்பாடு), வேதனை (வலி), மதி (போதும்) என்று பத்து வார்த்தை எழுதிக் கொடுங்கள். குறிப்பாக 'வேதனை'. வலிக்கிறது என்று அவர் சொல்வது யாருக்கும் புரியாமல் போனால், அதுவே கோபமாக வெளிவரும்.

வீட்டுப் பத்திரமும் 'பவரும்'

நான் வக்கீல் இல்லை. ஆனால் 'அப்பா நல்ல மனநிலையில் இருக்கிறார்' என்று சான்று கேட்டு என் அறைக்கு வராத வாரம் இல்லை. அதனால் இதில் நடப்பது தெரியும்.

அண்ணன் சொல்கிற 'பவர்' உங்களுக்கு உதவாது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201இன்படி, அதிகாரம் கொடுத்தவரின் மனநிலை தவறினால் அந்த அதிகாரப் பத்திரம் அதோடு முடிந்துவிடும். எந்த நிலைமைக்காக வாங்குகிறீர்களோ அந்த நிலைமை வந்ததும் அது செல்லாக்காசு. சில வெளிநாடுகளில் அதற்குப் பிறகும் நீடிக்கும் பத்திரம் உண்டு, அதைக் கேள்விப்பட்டுத்தான் சார்ஜா தம்பி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு, எழுதும் நேரத்தில் எதை, யாருக்கு, ஏன் கொடுக்கிறோம் என்பதும், கொடுத்தபின் திரும்பாது என்பதும் அவருக்குப் புரிய வேண்டும். மறதி நோய் என்று பெயர் வைத்ததாலேயே அந்தத் திறன் போய்விடாது, ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு இருக்கும். அதை அன்றைக்கு, அந்த விஷயத்துக்கென்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் உங்கள் அப்பாவின் இப்போதைய நிலையில் எனக்கு நம்பிக்கை குறைவு. புரியாதவர் கையைப் பிடித்து ரேகை வைத்து வாங்கினால், அந்தப் பத்திரம் நாளைக்கு மூன்று பிள்ளைகளையும் கோர்ட் படி ஏற்றும். எனவே மூன்று பேர் முன்னாலும் ஒரு வக்கீலிடமும் டாக்டரிடமும் காட்டுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள். எழுதாமல் போனாலும் ஒன்றும் முழுகிவிடாது. அம்மா இல்லாத நிலையில் வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வரும், உங்களுக்கும் சேர்த்து. இதைச் சொல்லத்தான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று தோன்றியது. அண்ணனும் மதினியும் பார்த்துக்கொண்டதற்கு நீங்களும் தம்பியும் பிற்பாடு மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு, அது உங்கள் கையில் இருக்கும் விஷயம்.

'எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால்?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அப்பாவின் சிகிச்சைக்கு அவருடைய சேமிப்பை எடுத்தே ஆக வேண்டும், பாங்க் மறுக்கிறது என்ற நிலை வந்தால், பாதுகாவலர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். செங்கோட்டைக்கு அது மதுரைக் கிளை. மனநலச் சட்டம் 2017இன் கீழ் பிரதிநிதியாக உங்களை நியமிக்கலாமா என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது மனநலச் சிகிச்சை முடிவுகளுக்கு மட்டும். அந்தப் பேப்பரை வைத்து வீட்டையோ டெபாசிட்டையோ தொட முடியாது.

அதுவரை அப்பாவின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறதோ அவர் எடுத்த ஒவ்வொரு ரூபாயையும் அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதட்டும். டயப்பருக்கும் மாத்திரைக்கும்தான் போகிறது என்பது எழுத்தில் இருந்தால் பாதிச் சந்தேகம் முளைக்காது.

இல்லத்தில் சேர்ப்பது

பாவமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது, அது உங்கள் மனசாட்சியின் வேலை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். நடமாட்டம் இருக்கும் மறதி நோயாளியைப் பெரும்பாலான முதியோர் இல்லங்கள் சேர்ப்பதில்லை. சேர்த்தபிறகு 'சமாளிக்க முடியவில்லை' என்று திருப்பி அனுப்புகிறவையும் உண்டு. மறதி நோய்க்கென்றே நடத்தப்படும் இடங்கள் குறைவு. கேரளத்தில் 1992இல் தொடங்கிய அல்சைமர்ஸ் சங்கமும், மாநில அரசு அதோடு சேர்ந்து கொண்டுவந்த ஸ்மிருதிபதம் திட்டமும் பகல் பராமரிப்பு, தங்கும் பராமரிப்பு இரண்டையும் நடத்திக் காட்டின.

தேடத் தொடங்குங்கள், ஆனால் இப்போதே சேர்க்கத் தேவையில்லை. மதினியின் உடம்பு முடியாமல் போகும் நாள் வரலாம், அன்று பதறிக்கொண்டு தேடக் கூடாது. பார்க்கப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள் இருக்கிறார்கள், கட்டிப்போடுகிறார்களா, எல்லோரும் ஒரே மாத்திரையில் தூங்குகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்றும் கேளுங்கள், தமிழும் மலையாளமும் பேசுகிற ஆள் ராத்திரி டூட்டியில் இருக்கிறாரா என்று. உங்களுக்கோ மதினிக்கோ இரவில் மனம் தாங்காமல் போனால் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் இலவசம்.

ஓரத்தில் எழுதிய கேள்வி

அப்பா உங்களைத் தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், திருத்தினால் கோபப்படுகிறார், திருத்தாமல் விட்டால் 'என்னையே மறந்துபோவாரோ' என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள்.

திருத்த வேண்டாம். திருத்துவதால் நினைவு திரும்பாது, அந்த நேரத்து நிம்மதி மட்டும் போகும். தான் அறிந்தவள், தன்னை எடுத்து வளர்த்தவள் என்று தெரிந்துதான் உங்களை அப்படிக் கூப்பிடுகிறார். பெயர் தவறலாம், ஆள் தவறவில்லை. வரும் சனிக்கிழமை அவர் கூப்பிடும்போது 'என்னடா தம்பி' என்று கேட்டுப் பாருங்கள். ஆரியங்காவில் வீடு எந்தப் பக்கம் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அந்த நோட்டில், மாத்திரைப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதிவையுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு மதினிக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.